மெலோடிக் மைனர் மோடுகளை ஜாஸ் கிட்டாரில் எப்படிக் கையாள்வது?

ஆறுகம்பி:

நண்பர்களுக்கு வணக்கம். மேஜர் ஸ்கேலும் அதன் மோடுகளும் (அதே ஸ்கேலை வெவ்வேறு ஸ்வரங்களிலிருந்து தொடங்கும் வடிவங்களும்) எனக்கு ஓரளவு பழகிவிட்டன. அடுத்ததாக, மேஜர் ஸ்கேலின் மூன்றாவது ஸ்வரத்தை மட்டும் அரைப்படி இறக்கிய மெலோடிக் மைனரை எடுத்துக்கொண்டு, அதன் ஏழு மோடுகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்து, ஒவ்வொன்றையும் கிட்டார் கழுத்தின் எல்லாப் பகுதிகளிலும் ஏறி இறங்கப் பயிற்சி செய்திருக்கிறேன். ஆனால் டி ஹாஃப் டிமினிஷ்டு (ஐந்தாவது ஸ்வரம் அரைப்படி இறங்கிய மைனர் 7), ஜி 7 ஆல்டர்டு (ஐந்தாவதும் ஒன்பதாவதும் அரைப்படி ஏறியோ இறங்கியோ நிற்கும் ஜி 7), சி மைனர் என்று கார்டுகள் அடுத்தடுத்து வரும் இடத்தில், முதலாவதற்கு லோக்ரியன் நேச்சுரல் 2, இரண்டாவதற்கு ஆல்டர்டு ஸ்கேல், மூன்றாவதற்கு மெலோடிக் மைனர் என்று பெயர்களைத் தேடிப் பிடிப்பதற்குள் அந்த நான்கு பார்களும் (தாள அளவுகளும்) கடந்துவிடுகின்றன. தப்பித் தவறி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும், வருவது ஸ்கேலாக இருக்கிறதே தவிர மெலடியாக இல்லை.

பின்னணியில் கார்டு வாசிக்கும்போதும் இதே நிலைதான். ஜி 7 என்று எழுதியிருக்கும் இடத்தில் ஃப்ளாட் 9, ஷார்ப் 9, ஷார்ப் 11, ஃப்ளாட் 13 (கார்டின் அடிப்படை ஸ்வரமான ரூட்டிலிருந்து எண்ணும் படிகள்; ஃப்ளாட் அரைப்படி இறக்கம், ஷார்ப் ஏற்றம்) ஆகியவற்றில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. மெலோடிக் மைனரில் தவிர்க்க வேண்டிய ஸ்வரம் என்று எதுவுமே இல்லை, எந்த ஸ்வரத்தையும் எந்தக் கார்டின் மேலும் பிடித்து நிறுத்தலாம் என்று பல இடங்களில் படித்தேன். அதை நம்பி டி ஹாஃப் டிமினிஷ்டின் மேல் ஈ ஸ்வரத்தை நீட்டி வாசித்தால், எங்கள் குழுவின் பியானோக்காரர் ஒவ்வொரு முறையும் முகம் சுளிக்கிறார்.

ஏழு மோடுகளையும் இப்படித் தனித்தனியாகத்தான் சுமக்க வேண்டுமா, அல்லது அனுபவமுள்ளவர்கள் வேறு விதமாகச் சிந்திக்கிறீர்களா? எந்த மோடிலிருந்து தொடங்குவது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மைனர்சிக்ஸ்:

வணக்கம் ஆறுகம்பி. பெயர்களை அறிந்துவைத்திருப்பதில் தீங்கில்லை. ஆனால் வாசிக்கும் நேரத்தில் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஏழு மோடுகள் என்று நாம் சொல்வது ஏழு வெவ்வேறு ஒலிகள் அல்ல. மைனர் 6 என்ற ஒரே கார்டும் அதைச் சுற்றியுள்ள ஸ்வரங்களும், பேஸ் எந்த ஸ்வரத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப வெவ்வேறு நிறத்தில் கேட்கின்றன, அவ்வளவுதான்.

கிட்டாரை எடுத்து, நான்காம் கம்பியிலிருந்து முதல் கம்பி வரை முறையே 5-5-4-5 என்ற ஃப்ரெட்டுகளைப் பிடியுங்கள். கீழிருந்து மேலாக ஜி, சி, ஈ ஃப்ளாட், ஏ என்ற நான்கு ஸ்வரங்கள் கிடைக்கும். இது சி மைனர் 6. இப்போது கையை அசைக்காமல், பேஸ் வாசிப்பவரை மட்டும் வேறு வேறு ஸ்வரங்களுக்கு நகரச் சொல்லுங்கள். அவர் ஏ வாசித்தால் அதே பிடி ஏ ஹாஃப் டிமினிஷ்டு ஆகிவிடும். எஃப் வாசித்தால், ஏ மூன்றாவதாகவும், சி ஐந்தாவதாகவும், ஈ ஃப்ளாட் ஏழாவதாகவும், ஜி ஒன்பதாவதாகவும் மாறி எஃப் 9 கிடைக்கும். பி வாசித்தால், ஈ ஃப்ளாட் மேஜர் மூன்றாவதின் வேலையைச் செய்ய, ஏ ஏழாவதாகவும், சி ஃப்ளாட் 9 ஆகவும், ஜி ஷார்ப் 5 ஆகவும் நின்று, நீங்கள் கணக்குப் போட்டுத் தேடிக்கொண்டிருந்த பி 7 ஆல்டர்டு தானாகவே வந்துவிடும். டி வாசித்தால் ஃப்ளாட் 9 சேர்ந்த டி 7 சஸ் (மூன்றாவதுக்குப் பதில் நான்காவது ஸ்வரம் நிற்கும் கார்டு). ஈ ஃப்ளாட் வாசித்தால் ஷார்ப் 11 கலந்த ஈ ஃப்ளாட் 6. ஆகவே ஆல்டர்டு கார்டுக்கு எந்த ஸ்வரங்களைச் சேர்ப்பது என்ற கேள்வியே எழாது. ஒரு ஃப்ரெட் மேலே உள்ள மைனர் 6 கார்டைப் பிடித்தால் போதும்.

இது புதிய யோசனையும் அல்ல. ஆறாவது ஸ்வரத்தைப் பேஸில் வைத்த மைனர் 6 கார்டைத் பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்கிடமிருந்தே முதலில் கேட்டதாக ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி தம் நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார்; பிற்காலத்தவர் ஹாஃப் டிமினிஷ்டு என்று அழைக்கும் கார்டு அதுதான். டெட்ராய்ட்டில் பிறந்த பியானோக் கலைஞர் பேரி ஹாரிஸ், ஜி 7 கார்டுக்கு டி மைனரை முக்கிய மைனர் என்றும், அதன் ட்ரைடோன் (ஆறு ஃப்ரெட் தொலைவு) மாற்றான டி ஃப்ளாட் 7 கார்டுக்கு உரிய ஏ ஃப்ளாட் மைனரை ட்ரைடோனின் மைனர் என்றும் பெயரிட்டுக் கற்பித்தார். அவருடைய ஸ்கேல் முறை வேறு. ஆனால் ஜி 7 வரும்போது ஏ ஃப்ளாட் மைனரை நினை என்ற முடிவு ஒன்றே. கிட்டார் கலைஞர்களில் பேட் மார்ட்டினோ எதிர்ப்படும் கார்டுகளையெல்லாம் மைனராக மாற்றிச் சிந்திக்கும் வழியையே தம் முறையாக வைத்திருந்தார். கிட்டாரில் ஒரே விரலமைப்பு எங்கே நகர்ந்தாலும் மாறாது என்பதால், இந்த வழி பியானோவைவிட நமக்கே அதிகமாக உதவுகிறது.

நடைமுறையில் எனக்கு வேண்டியிருப்பவை மூன்று உறவுகள்தாம். ஆல்டர்டு கார்டு வந்தால் அதன் ரூட்டுக்கு ஒரு ஃப்ரெட் மேலே உள்ள மெலோடிக் மைனர். ஹாஃப் டிமினிஷ்டு வந்தால் மூன்று ஃப்ரெட் மேலே. ஷார்ப் 11 கொண்ட 7 கார்டு, அதாவது லிடியன் டாமினன்ட், வந்தால் ஏழு ஃப்ரெட் மேலே, அல்லது ஐந்து ஃப்ரெட் கீழே. இவற்றின்படி நீங்கள் சொன்ன டி ஹாஃப் டிமினிஷ்டுக்கு எஃப் மைனரும், ஜி 7 ஆல்டர்டுக்கு ஏ ஃப்ளாட் மைனரும், இறுதியில் சி மைனருக்குச் சி மைனரும் கிடைக்கின்றன. ஒரே பிடியை மூன்று ஃப்ரெட் மேலே நகர்த்தி, பிறகு நான்கு ஃப்ரெட் மேலே நகர்த்தினாலும் இது வந்துவிடும். ஆனால் குரல்கள் தாவாமல் அருகருகே நகர வேண்டுமென்றால் பிடிகளை மாற்றிக்கொள்வது நல்லது. முதல் நான்கு கம்பிகளிலேயே 3-5-3-4, அடுத்து 3-4-4-4, அடுத்து 5-5-4-5 என்று வாசித்துப் பாருங்கள். முதல் பிடியில் எஃப், சி, டி, ஏ ஃப்ளாட். இரண்டாவதில் எஃப், பி, ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட். மூன்றாவதில் ஜி, சி, ஈ ஃப்ளாட், ஏ. சி ஒரு படி இறங்கிப் பி ஆகி மீண்டும் சி ஆவதையும், மேல்குரலில் ஏ ஃப்ளாட் நின்று ஏ ஆக ஏறுவதையும் கேட்டாலே கார்டுகள் எங்கே போகின்றன என்று புரிந்துவிடும்.

இந்த 5-5-4-5 பிடியில் ஒரு சிறு மாற்றம் செய்து, மூன்றாம் கம்பியில் உள்ள சி ஸ்வரத்தைப் பி ஆக்கினால் 5-4-4-5 வரும். ஜி, பி, ஈ ஃப்ளாட், ஏ என்ற இந்த நான்கும் சேர்ந்தால்தான் மெலோடிக் மைனரின் உண்மையான குணம் வெளிப்படுகிறது என்பேன். சி மைனர் மேஜர் 7 கார்டுக்கு இது பொருந்துவது தெளிவு. எஃப் பேஸின் மேல் இதுவே 9, ஷார்ப் 11, ஃப்ளாட் 7, 3 என்று மாறி, லிடியன் டாமினன்டுக்கு முழுமையான வாய்ஸிங் (ஸ்வர அடுக்கு) ஆகிவிடுகிறது. ஏ பேஸின் மேல், ஒன்பதாவது ஸ்வரம் சேர்ந்த ஹாஃப் டிமினிஷ்டு.

எந்த மோடிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். முதலாவது மோடிலிருந்தே, அதாவது மைனர் டானிக்கிலிருந்தே (பாட்டு வந்து நிலைகொள்ளும் மைனர் கார்டிலிருந்தே) தொடங்குங்கள். அந்த ஒலி காதில் ஊறாமல் ஆல்டர்டு ஸ்கேலுக்குப் போனால், அது வெறும் விரல் கணக்காகவே தங்கிவிடும். சோலார் என்ற மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் கார்டைப் பல தாள்கள் சி மைனர் மேஜர் 7 என்றே குறிக்கின்றன. அந்த மெட்டு ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் பெயரில் பதிவாகி, அதன் தொடக்க பார்கள் அவருடைய கல்லறையிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் மைல்ஸ் அதை 1954-இல் பதிவு செய்வதற்கு முன்பே, 1946-இல், கிட்டார் கலைஞர் சக் வேய்ன் வேறொரு பெயரில் அதை வாசித்த ஒலிப்பதிவு பின்னாளில் வெளிப்பட்டது. நம் கருவிக்காரரின் மெட்டு என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பியானோப்பக்கம்:

மேலே மைனர்சிக்ஸ் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆறுகம்பியின் மூன்றாவது கேள்வியை அவர் தொடவில்லை; முகம் சுளிக்கும் பியானோக்காரர்களின் கட்சியைச் சேர்ந்தவன் என்பதால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மெலோடிக் மைனரில் தவிர்க்க வேண்டிய ஸ்வரமே இல்லை என்ற கூற்று பாதி உண்மை. ஒரு ஸ்வரம் கார்டின் மேல் உறுத்துவதற்குப் பெரும்பாலும் காரணம், அது கார்டின் ஸ்வரம் ஒன்றுக்குச் சரியாக ஒரு அரைப்படி மேலே இருப்பதுதான். சி மேஜரின் மேல் எஃப் உறுத்துவது ஈ கீழே ஒலித்துக்கொண்டிருப்பதால். சி மெலோடிக் மைனரில் அரைப்படி இடைவெளி இரண்டே இடங்களில் உள்ளது: டி, ஈ ஃப்ளாட் இடையிலும் பி, சி இடையிலும். இப்போது மோடு மோடாகப் பாருங்கள். எஃப் 7 கார்டில் எஃப், ஏ, சி, ஈ ஃப்ளாட் இருக்கின்றன. மீதமுள்ள ஜி, பி, டி மூன்றும் கார்டு ஸ்வரங்களுக்கு முழுப்படி மேலே இருப்பதால் எதுவும் உறுத்துவதில்லை. ஏ ஹாஃப் டிமினிஷ்டிலும் பி, டி, எஃப் மூன்றும் அதே போல் சுத்தமாக நிற்கின்றன. சி மைனர் மேஜர் 7 கார்டிலும் அப்படியே. முதலாவது, நான்காவது, ஆறாவது மோடுகளைப் பொறுத்தவரை அந்தக் கூற்று சரிதான்.

ஐந்தாவது மோடுக்கு வாருங்கள். ஜி 7 கார்டில் பி இருக்கும்போது அதன் மேல் சி ஸ்வரத்தை நீட்டினால், மேஜர் ஸ்கேலின் ஐந்தாவது மோடான மிக்ஸோலிடியனில் எந்த அளவுக்கு உறுத்துமோ அதே அளவுக்கு இங்கும் உறுத்தும். மூன்றாவது மோடில், ஈ ஃப்ளாட் மேஜர் 7 ஷார்ப் 5 கார்டில் பி ஒலிக்கும்போதும் சி அதே தொல்லையைத் தருகிறது. இரண்டாவது மோடில் ரூட்டுக்கு மேலேயே அரைப்படி இருக்கிறது. சஸ் ஃப்ளாட் 9 என்ற ஒலி நமக்குப் பிடித்திருப்பதால் அதைக் குறை என்று சொல்லாமல் நிறம் என்கிறோம். ஏழாவது மோடின் கதை வேறு: அங்கே ஒரு ஸ்வரம் விட்டு ஒரு ஸ்வரமாக அடுக்கினால் கிடைப்பது ஹாஃப் டிமினிஷ்டுதான், நாம் அதை விட்டுவிட்டு, நான்காவது படியில் உள்ள ஈ ஃப்ளாட்டை மேஜர் மூன்றாவதாகக் கருதி வேறொரு கார்டைக் கட்டிக்கொள்கிறோம்.

சரி, டி ஹாஃப் டிமினிஷ்டின் மேல் ஈ. அந்தக் கார்டை மட்டும் தனியே ஒலிக்கவிட்டால் ஈ அழகாகத்தான் இருக்கும். கணக்கும் அதை அனுமதிக்கிறது. உங்கள் நண்பரின் காது கேட்பது அந்த ஒரு கார்டை மட்டுமல்ல. பாட்டு சி மைனரில் போய்க்கொண்டிருக்கிறது, ஈ ஃப்ளாட் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. அந்த நேரத்தில் ஈ வந்தால் பாட்டு சி மேஜருக்குப் போகப்போகிறது என்ற சைகையாகிவிடுகிறது. பிறகு சி மைனர் வரும்போது சொன்னது ஒன்று செய்தது ஒன்று என்றாகிறது. ஆகவே மைனர் சுருதியில் நிலைகொண்ட மெட்டுகளில் டி ஹாஃப் டிமினிஷ்டுக்கு ஈ ஃப்ளாட்டையே கடந்துபோகும் ஸ்வரமாக வைத்துக்கொண்டு, ஈ ஸ்வரத்தை மேஜரில் முடியும் இடங்களுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. பல ஜாஸ் மெட்டுகளில் ஹாஃப் டிமினிஷ்டு வந்து, மேஜரில் போய் முடியும். அங்கே அது உண்மையிலேயே முன்னறிவிப்பாக வேலை செய்யும்.

இதே தர்க்கம் ஜி 7 கார்டுக்கும் பொருந்தும். ஆல்டர்டு ஸ்கேலில் டி ஸ்வரம் கிடையாது. மெட்டிலேயே டி இருந்தாலோ, நான் இடக்கையில் டி வைத்துக்கொண்டு ஃப்ளாட் 9 வாசித்தாலோ, அங்கே சி ஹார்மோனிக் மைனரே இயல்பாகப் பொருந்தும். தாளில் ஜி 7 ஃப்ளாட் 9 என்று எழுதியிருப்பதைப் பார்த்தவுடன் ஏ ஃப்ளாட் மெலோடிக் மைனருக்குத் தாவுவது இன்று பலருக்குப் பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் மெட்டைப் பார்க்க வேண்டும், அடுத்து உடன் வாசிப்பவரின் கையைக் கேட்க வேண்டும், ஸ்கேலை அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.

ஆறுகம்பி:

இருவருக்கும் நன்றி. 3-4-4-4 பிடியை ஆல்டர்டு கார்டாக நான் இதுவரை பார்த்ததே இல்லை. மெட்ரோனோமோடு அந்த மூன்று பிடிகளையும் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஈ ஸ்வரம் பற்றிய விளக்கமும் தெளிவாக இருந்தது.

இரண்டு விஷயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. லிடியன் டாமினன்டையும் ஆல்டர்டையும் எங்கே எது என்று எப்படி முடிவு செய்வது? தாளில் பெரும்பாலும் வெறும் 7 என்றுதான் எழுதியிருக்கிறது. மற்றொன்று, ஏ ஃப்ளாட் மைனரை நினைத்து வாசித்தாலும் என் வரிகள் இன்னும் ஸ்கேலாகவே கேட்கின்றன. எங்களுடன் எப்போதாவது வாசிக்கும் வயலின் நண்பர் ஒருவர், மெலோடிக் மைனர் என்பது கௌரிமனோகரிதானே, அந்த ராகத்தைப் பாடிப் பழகினால் போதாதா என்று கேட்கிறார். அதில் ஏதாவது பயன் உண்டா?

மேளகர்த்தா23:

கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் வீணை வாசிப்பவன், ஜாஸ் கேட்பவன்.

ஸ்வர அமைப்பைப் பொறுத்தவரை உங்கள் நண்பர் சொல்வது சரி. சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், காகலி நிஷாதம் என்று 23-ஆவது மேளமான கௌரிமனோகரிக்கும் ஏறுமுக மெலோடிக் மைனருக்கும் ஸ்தானங்களில் வேறுபாடில்லை. ஐரோப்பியச் செவ்வியல் வழக்கில் மெலோடிக் மைனர் இறங்கும்போது ஸ்வரங்களை மாற்றிக்கொள்ளும். ஜாஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே ஸ்வரங்கள் என்பதால் பொருத்தம் இன்னும் நெருக்கமாகிறது.

மோடுகளுக்கு இணையாக நம்மிடம் கிரக பேதம் இருக்கிறது. கௌரிமனோகரியின் ரிஷபத்தை ஆதார ஷட்ஜமாக வைத்தால் 10-ஆவது மேளமான நாடகப்பிரியா வரும். மத்யமத்தை வைத்தால் 64-ஆவது மேளமான வாசஸ்பதி. பஞ்சமத்தை வைத்தால் 26-ஆவது மேளமான சாருகேசி. ஆறுகம்பி லிடியன் டாமினன்டின் ஒலியைக் காதில் பதிய வைக்க விரும்பினால், வாசஸ்பதியை நன்றாகப் பாடும் ஒருவரைக் கேட்பது நிச்சயம் உதவும். காந்தாரம், தைவதம், நிஷாதம் ஆகிய மூன்றையும் ஆதாரமாக வைத்தால் பஞ்சமம் கிடைக்காது என்பதால் அவை மேளகர்த்தா ஆவதில்லை. கவனித்தீர்களா? நீங்கள் அதிகம் கவலைப்படும் ஹாஃப் டிமினிஷ்டும் ஆல்டர்டும் அந்த மூன்றுக்குள்தான் இருக்கின்றன. ஆகவே உங்களுக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில் ராகம் துணைக்கு வராது.

அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. எங்களுக்குத் தம்புரா மாறுவதில்லை. கிரக பேதத்தைக் கச்சேரியில் ஒரு நிழல் போலக் காட்டிவிட்டு மீண்டும் ஷட்ஜத்துக்கே திரும்பிவிடுவோம். உங்களுக்கோ ஒரு பாருக்கு ஒரு ஆதாரம் மாறிக்கொண்டே இருக்கிறது. மூன்று கார்டுகளில் எஃப், ஏ ஃப்ளாட், சி என்று மூன்று கௌரிமனோகரிகள் வந்துபோகின்றன. ராகத்தின் உயிர் அதன் பிடிகளிலும் கமகங்களிலும் இருக்கிறது. அவற்றைக் காட்ட அந்த வேகத்தில் இடமில்லை. ஸ்வர ஸ்தானங்களைத் தொண்டையில் நிறுத்துவதற்குக் கௌரிமனோகரி வரிசைகளைப் பாடலாம். ஆல்டர்டு கார்டைத் தீர்ப்பதற்கு ஜாஸ் கலைஞர்களைத்தான் கேட்க வேண்டும்.

மைனர்சிக்ஸ்:

மேளகர்த்தா23 சொன்ன ஆதார மாற்றம்தான் இந்த விஷயத்தின் மையம். அவரது விளக்கத்துக்கு நன்றி.

லிடியன் டாமினன்டா ஆல்டர்டா என்பதை அந்த 7 கார்டு எங்கே போகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். அது ஐந்து ஃப்ரெட் மேலே உள்ள கார்டுக்குப் போய்த் தீர்கிறது என்றால், குறிப்பாக அந்தக் கார்டு மைனராக இருந்தால், ஆல்டர்டு பொருந்தும். ஒரு ஃப்ரெட் கீழே இறங்கினாலோ, வழக்கமான வழியில் தீராமல் வேறெங்காவது போனாலோ லிடியன் டாமினன்ட். பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிமின் ‘தி கேர்ல் ஃப்ரம் இபனிமா’ மெட்டை எஃப் சுருதியில் வாசிக்கும்போது எஃப் மேஜர் 7 கார்டுக்கு அடுத்து ஜி 7 இரண்டு பார்களுக்கு வந்து, சி கார்டுக்குப் போகாமல் ஜி மைனர் 7 ஆகிவிடுகிறது. அங்கே டி மெலோடிக் மைனர். அதற்குப் பிறகு ஜி ஃப்ளாட் 7 வந்து எஃப்-க்கு இறங்குகிறது; அங்கே டி ஃப்ளாட் மெலோடிக் மைனர். இப்போது சி 7 ஆல்டர்டுக்கு ஒரு ஃப்ரெட் மேலே எந்த மைனர் என்று பாருங்கள்: அதே டி ஃப்ளாட். ஒன்றுக்கொன்று ட்ரைடோன் தொலைவில் உள்ள இரண்டு 7 கார்டுகளில், ஒன்றின் ஆல்டர்டும் மற்றதன் லிடியன் டாமினன்டும் ஒரே ஸ்கேல். பேஸ்காரர் சி வாசித்தாலும் ஜி ஃப்ளாட் வாசித்தாலும் நீங்கள் விரலை மாற்ற வேண்டியதில்லை.

பில்லி ஸ்ட்ரேஹார்ன் எழுதி டியூக் எல்லிங்டன் குழு 1941-இல் பதிவு செய்த ‘டேக் தி ஏ ட்ரெய்ன்’ மெட்டிலும் இதைக் கேட்கலாம். சி மேஜருக்கு அடுத்து வரும் டி 7 கார்டின் மேல் மெட்டே ஜி ஷார்ப் ஸ்வரத்தில் போய் நிற்கிறது. ஏ மெலோடிக் மைனர் அங்கே அழகாகப் பொருந்தும். ஆனால் எல்லிங்டனின் பியானோ முன்னுரை, எல்லா ஸ்வரங்களும் முழுப்படி இடைவெளியில் நிற்கும் ஹோல் டோன் ஸ்கேலில் இருப்பதை நினைவில் வைத்தால், அந்தத் தலைமுறை அதை மெலோடிக் மைனராகத்தான் நினைத்தது என்று சாதிக்க முடியாது. இரண்டும் நெருங்கிய உறவு என்பதும் உண்மை: சி மெலோடிக் மைனரில் ஈ ஃப்ளாட், எஃப், ஜி, ஏ, பி என்று ஐந்து ஸ்வரங்கள் முழுப்படி இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன.

வரிகள் ஸ்கேலாகக் கேட்பதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. முதலாவது, ஸ்கேலை ஓட்டாமல் அதற்குள் இருக்கும் சிறிய வடிவங்களை எடுப்பது. ஏ ஃப்ளாட் மெலோடிக் மைனரில் டி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் என்று அடுத்தடுத்து இரண்டு மேஜர் ட்ரையடுகள் (மூன்று ஸ்வரக் கார்டுகள்) இருக்கின்றன. ஜி 7 கார்டின் மேல் டி ஃப்ளாட் ட்ரையட் ஷார்ப் 11, ஃப்ளாட் 7, ஃப்ளாட் 9 ஆகியவற்றைத் தரும். ஈ ஃப்ளாட் ட்ரையட் ஷார்ப் 5, ரூட், ஷார்ப் 9 ஆகியவற்றைத் தரும். எளிய மேஜர் ட்ரையடுகள் என்பதால் காது அவற்றை உடனே ஓர் உருவமாகப் பிடித்துக்கொள்கிறது; கார்டுக்கு எவ்வளவு வெளியே நின்றாலும் வரி சிதறுவதில்லை.

இரண்டாவது, வரியை அதன் முடிவிலிருந்து கட்டுவது. சி மைனரில் எந்த ஸ்வரத்தில் இறங்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு அரைப்படி தள்ளி உள்ள ஆல்டர்டு ஸ்வரத்தில் ஜி 7 பாரை முடியுங்கள். எடுத்துக்காட்டாக, எட்டு எட்டாம் ஸ்வரங்களாக பி, டி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், ஜி, பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட், எஃப், ஈ ஃப்ளாட் என்று வாசித்து, அடுத்த பாரின் முதல் அடியில் டி ஸ்வரத்தில் இறங்குங்கள். மூன்றாம் கம்பியில் 4, 6. இரண்டாம் கம்பியில் 4. முதல் கம்பியில் 3, 6, 4. மீண்டும் இரண்டாம் கம்பியில் 6, 4, பிறகு 3. கை இடம் மாறாமலே வந்துவிடும். டி ஸ்வரம் சி மைனரின் ஒன்பதாவது என்பதால் முடிவு மூடிக்கொள்ளாமல் சற்றுத் திறந்தே நிற்கும்; முழுமையாக மூட வேண்டுமானால் வரியை ஏ ஃப்ளாட்டில் முடித்து ஜி ஸ்வரத்துக்கு இறங்கலாம்.

பயிற்சிக்கு ஸ்டெல்லா பை ஸ்டார்லைட் மெட்டின் கடைசி எட்டு பார்களைப் பரிந்துரைக்கிறேன். பி ஃப்ளாட் சுருதியில் ஈ ஹாஃப் டிமினிஷ்டு, ஏ 7, டி ஹாஃப் டிமினிஷ்டு, ஜி 7, சி ஹாஃப் டிமினிஷ்டு, எஃப் 7 என்று இரண்டிரண்டாக இறங்கி பி ஃப்ளாட் மேஜரில் முடியும். மைனர்களாகப் பார்த்தால் ஜி, பி ஃப்ளாட். எஃப், ஏ ஃப்ளாட். ஈ ஃப்ளாட், ஜி ஃப்ளாட். ஒரு ஜோடியைக் கற்றுக்கொண்டு, அதையே இரண்டு ஃப்ரெட் கீழே, மீண்டும் இரண்டு ஃப்ரெட் கீழே என்று நகர்த்தினால் எட்டு பார்களும் முடிந்துவிடும். முதலில் கார்டுப் பிடிகளை மட்டும், பிறகு மேலே சொன்ன ட்ரையடுகளை மட்டும், அதற்குப் பிறகே வரிகளை வாசியுங்கள். இங்கே கடைசியில் வருவது மேஜர் என்பதால், பியானோப்பக்கம் சொன்ன எச்சரிக்கையின்படி, சி ஹாஃப் டிமினிஷ்டின் மேல் டி ஸ்வரத்தைத் தாராளமாக நீட்டலாம். அது பி ஃப்ளாட் மேஜரின் மூன்றாவது ஸ்வரமும்கூட.

பியானோப்பக்கம்:

அந்த டி ஸ்வரத்துக்கு என் முழு சம்மதம் உண்டு. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: அந்த எட்டு பார்களில் ஆறு கார்டுகளுக்கும் ஆறு மெலோடிக் மைனர்களை வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏ 7, ஜி 7, எஃப் 7 ஆகிய மூன்றுக்கு மட்டும் ஆல்டர்டு ஒலியை வைத்துவிட்டு, ஹாஃப் டிமினிஷ்டு பார்களில் வெறும் ஆர்பெஜியோவோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பதோ) மௌனமோ வைத்துப் பாருங்கள். உடன் வாசிப்பவருக்கும் கார்டு போட இடம் கிடைக்கும், ஆல்டர்டு பார் வரும்போது அதன் நிறமும் தனியாகத் தெரியும். ஆறுகம்பியின் நண்பர் ஃப்ளாட் 9 கார்டுகளில் ஐந்தாவது ஸ்வரத்தை விடாமல் வாசிப்பவர் என்றால், ஒத்திகைக்கு முன் அதை மட்டும் அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.